வராத விசாரணைக்கு விடிய விடிய ஒத்திகை

இரவு பத்தரை மணிக்குக் கைப்பேசியில் ஒரு வரி வந்து விழுகிறது: ‘எசோக் ஜும்ப சாயா.’ நாளைக்கு என்னை வந்து பார் என்கிறார் சூப்பர்வைசர். எதற்கு என்று சொல்லவில்லை. அதைப் படித்தவருக்கு மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் வீடு. அதே மாநிலத்தின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, காலை ஷிப்டு. அந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு அவருடைய மனம் அடுத்த சில மணி நேரம் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அன்றிரவுத் தூக்கம்.

படித்த நொடியிலேயே அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு படபடக்கிறது. இன்னொரு ஏற்பாடு சற்று நிதானமாக வேலை செய்யும். மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளுக்குச் சொல்ல, கார்ட்டிசோல் சுரக்கிறது. அது உச்சத்தைத் தொட ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு அதே கார்ட்டிசோல் மூளையை எட்டி ‘போதும்’ என்று சொல்ல, சுரப்பு அடங்க வேண்டும். நாய் துரத்தி, ஓடிவந்து, கதவைச் சாத்திக்கொண்டவருக்கு இப்படித்தான் அடங்குகிறது. நம்மவருக்குச் சாத்துவதற்குக் கதவு இல்லை. போன வாரம் உற்பத்தி லைன் நின்றதற்காகவா? ஆள்குறைப்பா? கார் தவணை என்னாவது? பிள்ளைக்கு இது எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு ஆண்டாயிற்றே? ஒவ்வொரு கேள்வியும் ஒரு புதிய நாய்.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஸ் பிரோஸ்கோட்டும் அவருடைய சகாக்களும் 2006இல் இதை ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார்கள். தொல்லை தரும் நிகழ்ச்சி பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. உடலைத் தேய்ப்பது அதற்கு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும் நினைப்பு என்றார்கள். நினைப்பு ஓடும்வரை உடல் ஆபத்து நேரத்துக்கான நிலையிலேயே நிற்கிறது.

இந்த நினைப்புக்கு இரண்டு முகங்கள் உண்டு. வரப்போவதைப் பற்றி ஓடினால் கவலை. அது பதற்றத்தை வளர்க்கிறது. நடந்து முடிந்ததைப் பற்றி ஓடினால் அசைபோடுதல். அது மனச்சோர்வுக்கு இட்டுச் செல்கிறது. உள்ளே ஓடும் இயந்திரம் ஒன்றுதான்.

அசைபோடுதலை வாழ்நாள் ஆய்வாகவே எடுத்துக்கொண்டவர் சூசன் நோலன்-ஹோக்சிமா. 1989 அக்டோபரில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், மாணவர்களிடம் மனநிலை பற்றியும், துயரம் வந்தால் அதை எப்படிக் கையாள்வார்கள் என்பது பற்றியும் கேட்டுக் குறித்துவைத்திருந்தார். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 17ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. ஆய்வாளர் யாரும் ஏற்பாடு செய்ய முடியாத சோதனை அது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களிடம் போய்க் கேட்டார்கள். முன்பே இருந்த சோர்வைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், ‘எனக்கு ஏன் இப்படி இருக்கிறது’ என்று தன்னையே கிளறும் வழக்கம் உள்ளவர்களிடம்தான் சோர்வு அதிகமாக இருந்தது. நடுக்கம் எல்லோருக்கும் பொது. அதற்குப் பிறகு மனம் என்ன செய்தது என்பதில்தான் வேறுபாடு.

இவ்வளவு கெடுதல் செய்யும் பழக்கத்தை மனம் ஏன் விடுவதில்லை? அதில் அதற்கு ஆதாயம் இருக்கிறது. கவலை பெரும்பாலும் சொற்களாகவே ஓடுகிறது, காட்சிகளாக அல்ல என்று காட்டினார் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக். பயங்கரக் காட்சி ஒன்று கண்முன் வந்தால் உடல் அதிரும். அதையே வாக்கியங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த அதிர்ச்சி அப்போதைக்கு மட்டுப்படுகிறது. அந்தச் சிறு நிவாரணம்தான் கூலி. இன்னொரு கூலியும் உண்டு: கவலைப்பட்டது நடக்காமல் போனால், கவலைப்பட்டதால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. எல்லாம் நன்றாகப் போகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று நம் வீடுகளில் அதற்கு ஒத்து ஊதவும் ஆள் இருக்கிறது. உண்மைக் கணக்கு வேறு. தீராத பதற்ற நோய் உள்ள 29 பேரைக் கவலைகளை எழுதிவைக்கச் சொல்லிப் பிறகு சரிபார்த்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. சுமார் 91 விழுக்காடு நடக்கவே இல்லை.

‘கண்டதையும் யோசிக்காதே’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அன்போடு சொல்வதுதான், ஆனால் வேலைக்கு ஆகாத அறிவுரை. வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது என்று அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் மாணவர்களிடம் சொன்னார்; நினைப்பு வரும்போதெல்லாம் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடை நீங்கிய பிறகு கரடி இன்னும் அதிகமாக வந்தது. 1987இல் வெளியான ஆய்வு இது.

பலன் தருவது யோசனையின் வடிவத்தை மாற்றுவது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வாட்கின்ஸ் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது இதைத்தான். ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது?’ என்ற கேள்விக்கு அடி ஆழம் கிடையாது. ஒவ்வொரு பதிலும் ‘நான் லாயக்கில்லாதவன்’ என்ற ஒரே இடத்தில்தான் போய் முட்டும். போன செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு லைன் நின்றது, யாரிடம் சொன்னேன், புத்தகத்தில் குறித்தேனா, நாளைக்கு முதலில் என்ன சொல்வேன் என்ற கேள்விகள் அப்படியல்ல. அவற்றுக்கு விடை உண்டு, விடை கிடைத்ததும் கேள்வி முடிந்துவிடும். இப்படிக் குறிப்பாக யோசிக்கப் பழக்குவதே ஒரு சிகிச்சை முறையாக வளர்ந்திருக்கிறது.

தாளில் நான்கு வரி எழுதிவிட்டுப் படுக்கலாம். அல்லது மறுநாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்துவிடலாம். எம்.சி. கைக்கு வந்த மறுகணம் நெஞ்சு லேசாகிவிடும், சிக்கலே அதுதான். தப்பித்ததால்தான் நிம்மதி வந்தது என்று மூளை கற்றுக்கொள்கிறது. சூப்பர்வைசரின் அறை அடுத்த முறை இன்னும் பயங்கரமாகத் தெரியும். பதற்றம் கொழுப்பது இந்தத் தீனியில்தான்.

கவலையை ஒழிக்க வேண்டாம், நேரம் குறித்துக்கொடுங்கள் என்று போர்கோவெக் குழு 1983இலேயே சோதித்துப் பார்த்தது: தினமும் அதே நேரம், அதே இடம், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கு மட்டும். மற்ற நேரத்தில் கவலை எட்டிப்பார்த்தால் ‘அப்போது வா’ என்று தள்ளிவைப்பது. நான்கு வாரத்தில், அப்படிச் செய்தவர்களின் கவலை குறைந்தது. இடம் மட்டும் படுக்கையாக இருக்கக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, நினைப்பைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் கடன் வாங்கியவருக்குத் தேவை கடனுக்கு ஒரு வழி. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே தெரியும். அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். பரம்பரைக்கும் பங்கு உண்டு. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில் மனச்சோர்வு உள்ளவர்களின் விகிதம் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6. நான்கே ஆண்டில் இத்தனை பேருக்கு நினைக்கும் பழக்கம் மட்டும் கெட்டுப்போயிருக்காது.

எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). அங்கே நீட்டப்படும் தாள் டாஸ்-21 ஆக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் உருவான கேள்வித்தாள் அது, தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றுக்கும் ஏழேழு கேள்விகள். கடந்த ஒரு வாரத்தைப் பற்றி மட்டுமே கேட்கும். அதுவரை பொறுக்க முடியாத இரவுகளில் பேச ஆள் வேண்டும் என்றால் பிஃபிரண்டர்ஸ் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555.