கெயின் திருகை எங்கே நிறுத்துவது?

டிக்கியில் சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர், வைத்த காரில், ஆம்ப்ளிஃபயரின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். கெயின் என்று எழுதியிருப்பார்கள். சில ஆம்ப்களில் லெவல் என்றோ சென்சிடிவிட்டி என்றோ இருக்கும். வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போனால், "அண்ணா, கெயினை முக்காலுக்கு மேலயே வச்சிருக்கேன், அடி சும்மா அதிரும்" என்பார் கடைத் தம்பி. நாமும் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவோம். சில மாதம் கழித்து வாய்ஸ் காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) கருகி நாற்றம் அடித்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் அந்தத் திருகில்தான் இருக்கும்.

பலரும் அதை இன்னொரு வால்யூம் என்று நினைக்கிறார்கள். அதன் வேலை வேறு. ஸ்டீரியோ செட்டிலிருந்து ஆர்.சி.ஏ. வயர் வழியாக வரும் சிக்னல் எத்தனை வோல்ட்டைத் தொடும்போது ஆம்ப் தன் முழு பவரையும் தர வேண்டும் என்று முடிவு செய்வது அது. பல ஆம்ப்களில் இந்த அளவு 6 வோல்ட்டில் தொடங்கி 0.2 வோல்ட் வரை போகும். திருகைக் கடைசிவரை திருப்பினால் 0.2 வோல்ட் வந்தாலே ஆம்ப் உச்சத்துக்குப் போய்விடும். உங்கள் செட் 4 வோல்ட் தரக்கூடியது என்றால், வால்யூமைக் கொஞ்சம் ஏற்றியதுமே ஆம்பின் சக்தி தீர்ந்துவிடும். அதற்கு மேல் வால்யூமை ஏற்ற ஏற்ற, அலைதான் வெட்டுப்படும். செட் தன் உச்சத்தைத் தொடும் இடத்தில்தான் ஆம்பும் தன் உச்சத்தைத் தொட வேண்டும். கெயின் வைப்பது என்றால் இந்த இரண்டு உச்சங்களையும் ஒரே இடத்தில் சந்திக்க வைப்பதுதான்.

வெட்டுப்படுவது என்றால் என்ன? ஆம்புக்குள் இருக்கும் பவர் சப்ளை ஒரு குறிப்பிட்ட வோல்ட்டேஜுக்கு மேல் தராது. சிக்னல் அதற்கும் மேலே கேட்டால், அலை அந்த உயரம்வரை ஏறி, அங்கேயே தட்டையாக ஓடி, பிறகு இறங்கும். சேலத்திலிருந்து சேர்வராயன் மலையைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் புரியும். பக்கமெல்லாம் செங்குத்தாக ஏறும், மேலே போனால் சமதளம். சைன் அலையின் உருண்டையான முகடு போய் அந்த மாதிரி ஆகிவிடுவதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள்.

இதில் ஆபத்து வெப்பத்தில் இருக்கிறது. ஒரே உச்ச வோல்ட்டேஜ் உள்ள சைன் அலையையும் சதுர அலையையும் ஒப்பிட்டால், சதுர அலை சரியாக இரண்டு மடங்கு பவரைக் கொண்டுபோகும். சுத்தமாக 300 வாட் தரும் ஆம்ப், அலையை முழுக்க வெட்டினால் 600 வாட் அளவுக்குத் தள்ள முடியும், பவர் சப்ளை தாங்கினால். சப்வூஃபருக்குள் போகும் பவரில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் ஒலியாக மாறும். மீதி முழுவதும் வாய்ஸ் காயிலில் வெப்பமாகத் தங்கும்.

இங்கே ஒரு கிளைக்கதை. கார் செட் பெட்டிகளில் "50 வாட் × 4" என்று பெரிதாகப் போட்டிருப்பார்களே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? வண்டியின் 14.4 வோல்ட்டை அதே 14.4ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்துப் பாருங்கள், 51.84 வரும். அதாவது முற்றிலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலையின் பவர். கேட்கத் தகுந்த சுத்தமான ஒலியாக அதில் பாதிகூடக் கிடைக்காது. எந்தப் பெட்டியிலும் மேக்ஸ் என்று போட்ட எண்ணை விட்டுவிட்டு ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய பவர்) என்று போட்ட எண்ணை மட்டும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

முன் ஸ்பீக்கரில் கிளிப்பிங் வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும், குரல் கரகரக்கும். சப்வூஃபரில் அப்படித் தெரியாது. 50 ஹெர்ட்ஸ் அலை வெட்டுப்பட்டால் 150, 250 ஹெர்ட்ஸ் என்று புதிய ஒலிகள் முளைக்கும். ஆனால் மற்ற ஸ்பீக்கர்களில் ஓடும் பாட்டு அவற்றை மூடிவிடும். அத்துடன், நம் காது தாழ்ந்த ஒலிகளுக்கு அவ்வளவு கூர்மையானதும் அல்ல. ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டார்கள். சேலம் ஐந்து ரோடு நெரிசலில் ஊர்ந்து போகும்போது நெஞ்சில் இடிக்கிற பேஸ், ஓமலூர் தாண்டி வேகமெடுத்ததும் காணாமல் போவதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. டயரும் காற்றும் போடும் இரைச்சல் அதே தாழ்ந்த பகுதியில்தான் நிறைய இருக்கும். பேஸ் போதவில்லை என்று டிக்கியைத் திறந்து திருகைத் தொடுவது பெரும்பாலும் அப்படி ஒரு பயணத்துக்குப் பிறகுதான்.

ஏற்காடு ஏறும்போது இது இன்னும் சுவாரசியமாகிறது. அடிவாரத்தில் இருந்த பேஸ், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போனதும் குறைந்த மாதிரி இருக்கும். அது பிரமை அல்ல. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சேலத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. ஸ்பீக்கரின் கோன் அதே தூரம் அசைந்தாலும் ஒலி ஒரு டெசிபல் சொச்சம் குறையும். அதைவிடப் பெரிய காரணம் காயிலின் சூடு. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். விடாமல் அடித்துக் காயில் 200 டிகிரிக்குப் போய்விட்டால், 4 ஓம் காயில் ஏறக்குறைய 6.7 ஓம் ஆகிவிடும். அதே வோல்ட்டேஜுக்கு உள்ளே போகும் பவர் குறையும், சத்தமும் இறங்கும். அப்போது வால்யூமைக் கூட்டுவதுதான் மனித இயல்பு. ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் காயிலுக்கு மேலும் சூடு போகும். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் செட்டை அணைத்துவைப்பதே சரி.

அளந்து வைப்பதற்கு ஏ.சி. வோல்ட் காட்டும் சாதாரண மல்டிமீட்டரும், முழு அளவில் பதிந்த 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனும் போதும். முதலில் எத்தனை வோல்ட் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆம்ப், சப்வூஃபர் இரண்டில் எதன் ஆர்.எம்.எஸ். வாட் குறைவோ அதை சப்வூஃபரின் ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 300 வாட், 4 ஓம் என்றால் 1200இன் வர்க்கமூலம், சுமார் 34.6 வோல்ட். இரண்டு 4 ஓம் காயில்களை இணையாகக் கட்டியிருந்தால் 2 ஓம் என்று எடுக்க வேண்டும், அப்போது வோல்ட்டும் மாறும். ஓமில் தவறினால் கணக்கு முழுதும் தவறும்.

அப்புறம் சப்வூஃபர் வயரை ஆம்பிலிருந்து கழற்றிவிடுங்கள். செட்டில் பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்து, ஆம்பின் பேஸ் பூஸ்ட்டையும் பூஜ்யத்தில் வைத்து, கெயினை முழுக்கக் குறையுங்கள். தாழ்ந்த ஒலியை மட்டும் உள்ளே விடும் லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸில் இருக்கலாம். திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, டோனைப் போட்டு, செட்டின் வால்யூமை முக்காலுக்கு ஏற்றுங்கள். மீட்டரை ஆம்பின் வெளியீட்டில் வைத்துக்கொண்டு, கணக்கில் வந்த வோல்ட் தெரியும்வரை திருகை மெல்லத் திருப்பினால் போதும். ஆம்பை அணைத்த பிறகே சப்வூஃபரை மறுபடி மாட்ட வேண்டும். முக்கால் வால்யூம் என்பது பொதுவான அளவுதான், சில மலிவு செட்கள் அதற்கு முன்பே வெட்டத் தொடங்கும். அலையைத் திரையில் வரைந்து காட்டும் கையடக்க ஆசிலோஸ்கோப் யாரிடமாவது கிடைத்தால் முகடு தட்டையாகும் இடத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நான் அதைத்தான் அதிகம் நம்புவேன்.

பழைய பாட்டுகளையே விரும்பிக் கேட்பவர்களுக்கு இப்படி வைத்தது கொஞ்சம் மந்தமாகத் தோன்றலாம். அந்தப் பதிவுகளில் பல, இன்றைய பாட்டுகளைவிடத் தாழ்ந்த அளவில் இருக்கும். உச்சத்துக்கு 5 டெசிபல் கீழே பதிந்த டோனை வைத்து அளந்தால் இது சரியாகும். ஆனால் அதன் பிறகு புதுப் பாட்டுக்கு வால்யூமை முன்புபோல ஏற்றக் கூடாது.

கெயினைத் தொடாமலே கெடுக்கும் வழியும் உண்டு. பேஸ் பூஸ்ட்டை 6 டெசிபல் ஏற்றினால் வோல்ட்டேஜ் இரண்டு மடங்கு, கேட்கும் பவர் நான்கு மடங்கு. செட்டை மாற்றினாலும் அதே கதைதான். 2 வோல்ட் செட்டுக்கு வைத்த கெயினை அப்படியே விட்டு 4 வோல்ட் செட்டை மாட்டினால், அதே 300 வாட் ஆம்பிடம் 1200 வாட் கேட்கிறோம். புது செட் மாட்டும் அன்றைக்கே மீட்டரையும் எடுத்துக்கொண்டு டிக்கியைத் திறந்துவிடுங்கள்.