காதுதான் என் முதல் வாத்தியம்: சத்தத்தைக் குறைத்த பிறகு ஓர் இசையமைப்பாளர் கற்றுக்கொண்டது

பின்னணி இசை வேலையை முடித்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். அறை முழு நிசப்தம். வலது காதில் மட்டும் ஒரு மெல்லிய கீச்சொலி, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எந்த ஒலியைக் கேட்டாலும் அது என்ன ஸ்வரம் என்று தேடும் பழக்கம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. எழுந்து போய் கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக மேலே ஏறிப் பார்த்தேன். பியானோவின் கடைசிக் கட்டை 4,186 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள். என் காதில் ஒலித்தது அதற்கும் சற்று மேலே. அந்த ஸ்வரம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

நான் இசை கற்றது ஓர் ஆர்மோனியத்தில். வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகுதான் வாசிக்க நேரம் கிடைக்கும் என்பதால், துருத்தியை மூச்சுவிடுவதுபோல அசைத்து, எனக்கு மட்டும் கேட்கும் அளவில் வாசிப்பேன். என் முதல் மெட்டுகள் அப்படித்தான் பிறந்தன. பிறகு குழுவில் சேர்ந்தேன். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று மூன்று மணி நேரம் ஒத்திகை, அதற்குப் பிறகு சொந்த அறையில் நாளுக்குப் பத்து மணி நேரம் ஹெட்போன். சுருதி, தாளம், ஸ்வரக்கோர்வை எல்லாவற்றையும் எனக்குச் சொல்லித் தந்தார்கள். இவை அத்தனையையும் வாங்கிக்கொள்ளும் காது சதையும் நரம்பும் ஆனது, அது தேயும் என்று யாரும் சொல்லவில்லை. இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

செவித்திறன் பரிசோதனையில் என் காதின் நிலையை ஒரு கோடாக வரைந்து காட்டினார்கள். சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு 4,000 ஹெர்ட்ஸ் அருகில் பள்ளத்தில் இறங்கி, மறுபடியும் ஏறியது. பேரொலியால் கெட்ட காதின் அடையாளம் அது. உள்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்பில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்பின் மொழிக்கு மாற்றுபவை அவைதான். பறவைகளுக்கு அவை மறுபடியும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை.

தொழிலிடங்களில் ஒலிப் பாதுகாப்புக்காகப் பரிந்துரைக்கப்படும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபல் ஒலியில் நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சிறிய அறையில் டிரம்ஸ் அருகே 100 என்பது வெகு சாதாரணம். மூன்று மணி நேர ஒத்திகைகளை நினைத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

நாங்கள் ஏன் ஒலியை ஏற்றிக்கொண்டே போகிறோம்? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து வெளியிட்டார்கள். மெல்லிய ஒலியில் மனிதக் காதுக்குக் கீழ் சுருதியும் உச்ச சுருதியும் குறைவாகவே கேட்கும். ஒலி ஏற ஏற அவை நிரம்பி வரும். அதனால் ஒரே பாடலைச் சற்றுக் கூட்டி வைத்தால் பாஸ் செழிப்பாக இருக்கிறது, சிம்பல் மின்னுகிறது, மெட்டே மேம்பட்டதுபோல ஒரு மயக்கம் வருகிறது. மெட்டில் ஒன்றும் மாறியிருக்காது. இரவு இரண்டு மணிக்கு "அருமை" என்று நான் மனம் நிறைந்து எழுந்த பல மெட்டுகள் காலையில் வெறும் எலும்பாகக் கிடந்ததற்கு இதுதான் விளக்கம்.

அன்றிலிருந்து வேலை செய்யும் முறையை அடியோடு மாற்றிக்கொண்டேன். மெட்டுக்கு இப்போது எந்தக் கருவியும் வேண்டாம். நடக்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பேன். அடுத்த நாள் நினைவில் தங்கியிருந்தால் மட்டுமே கீபோர்டைத் தொடுவேன். ஸ்பீக்கரின் ஒலிக் குமிழில் ஓர் அடையாளம் இட்டிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் என்னோடு பேசக்கூடிய அளவு அது. பாடலின் கட்டமைப்பு, குரலுக்கும் வாத்தியங்களுக்கும் இடையேயான அளவு, எல்லாவற்றையும் அங்கேயே முடிவு செய்கிறேன். பாஸின் எடையைச் சரிபார்க்க மட்டும் சில நிமிடங்கள் ஏற்றி, உடனே இறக்கிவிடுவேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் மௌனம். இப்படி வேலை செய்யத் தொடங்கிய பிறகு என் இசையில் வாத்தியங்கள் குறைந்தன. மெல்லிய ஒலியில் ஒரு புல்லாங்குழல் கேட்கவில்லை என்றால் அதை ஏற்றுவதில்லை. அதை மறைக்கும் வாத்தியத்தை எடுத்துவிடுகிறேன். ஆர்மோனியத்தில் சிறு வயதில் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

"பீத்தோவன் காது கேட்காமலே எழுதவில்லையா?" என்று ஆறுதலாகச் சொல்பவர்கள் உண்டு. 1802இல் அவர் தம் சகோதரர்களுக்கு எழுதிய கடிதத்தில், உயிரை விட்டுவிடவே எண்ணியதாகச் சொல்கிறார். செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெதனா 1874இல் கேட்கும் திறனை முற்றிலும் இழந்தார். இரண்டு ஆண்டு கழித்து நான்கு தந்தி வாத்தியங்களுக்காக அவர் எழுதிய படைப்பின் (ஸ்ட்ரிங் குவார்ட்டெட்) கடைசிப் பகுதியில், கொண்டாட்டம் திடீரென அறுந்து, வயலின் மிக உச்சத்தில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிறது. அவர் காதில் ஒலித்த இரைச்சல் அது. காதில் அப்படி ஒரு ஸ்வரத்தைச் சுமப்பவர்களால் அந்த இடத்தைச் சாதாரணமாகக் கேட்டுவிட முடியாது.

இளம் இசைக்கலைஞர்களே, ஒத்திகை முடிந்ததும் காது பஞ்சு வைத்ததுபோல் மந்தமாக இருந்தால், இரைந்தால், அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், காது அடிபட்டிருக்கிறது. இசைக்கலைஞர்களுக்கென்றே காதடைப்பான்கள் கிடைக்கின்றன. சாதாரண பஞ்சடைப்பான் உச்ச சுருதியை அதிகமாக விழுங்கிவிடும்; இவை எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதால் வாசிப்பு கெடாது. இரைச்சலான இடத்தில் ஹெட்போன் ஒலியை ஏற்றுவதற்குப் பதில் வெளிச்சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போனை அணியுங்கள். ஒரு காதில் திடீரென்று கேட்கும் திறன் குறைந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால் மீளும் வாய்ப்பு கூடும்.

எனக்கு அடுத்த பரிசோதனை வரும் மாதம். அதற்கு முந்தைய 14 மணி நேரமாவது காது பேரொலி கேட்காமல் இருக்க வேண்டும் என்பதால், முதல் நாள் மாலை ஒலிப்பதிவு எதையும் வைத்துக்கொள்ளவில்லை.