ஆரம்பக் கூட்டத்தில் மழைக் கணக்கைக் கேளுங்கள்

மாரி மழைக் காலத்துப் பெரும்போகத்துக்கு முன்னால் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தைச் சிலர் கன்னக் கூட்டம் என்பார்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வெள்ளாமை செய்பவருக்கும், வெருகல், சேருவில பக்கம் அல்லை நீர்ப்பாசனத் திட்டத்தில் செய்பவருக்கும் போகத்தின் தலையெழுத்து அங்கேதான் முடிவாகிறது. வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவது, எந்தத் தேதிக்குள் விதைப்பை முடிப்பது, எத்தனை மாத நெல், மாடுகளை எப்போது வயலை விட்டு அப்புறப்படுத்துவது, எல்லாம்தான். எடுத்த தீர்மானம் கூட்டத்துக்கு வராதவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும். அதனால் வாய்க்கால் தண்ணீரைக் கவனிக்கும் வட்டவிதானை போய்க் கேட்டு வருவார் என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் பெறுகிற விவசாயி நேரில் போக வேண்டும்.

காலநிலை மாற்றத்துக்கு இசைவாகத் திட்டமிடுவது பற்றி இலங்கையில் 2016 முதல் 2025 வரைக்கான தேசியத் திட்டமே இருந்தது. நம் வயலைப் பொறுத்தவரை அந்த அறிவு உள்ளே வரவேண்டிய வாசல் இந்தக் கூட்டம்தான்.

சரி, என்ன கேட்பது? முதலில் குளத்தில் இன்று எத்தனை ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழத்துக்கு நிற்கும் அளவு) தண்ணீர் நிற்கிறது என்று கேளுங்கள். அடுத்து வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால எதிர்வுகூறல். 'மழை பெய்யும்' என்று அது அடித்துச் சொல்லாது. வழமையை விடக் கூட, வழமையளவு, வழமையை விடக் குறைவு என்ற மூன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று வீதத்தில் சொல்லும். 'கூட' என்பதற்கு 50 வீதம் என்றால், மிச்சம் 50 வீதமும் மற்ற இரண்டுக்கும் உரியது. இதை விளங்காமல் கேட்டால் பிறகு 'வானிலைக்காரர் பொய் சொல்லிவிட்டார்' என்ற கோபம்தான் மிஞ்சும்.

பசிபிக் கடல் வழமையை விடச் சூடாகும் எல் நினோ ஆண்டா என்பதையும் கேளுங்கள். அப்படியான ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடும் போக்கும், ஜனவரிக்குப் பின் குறையும் போக்கும் நம் நாட்டில் உண்டு. பிந்தி விதைத்த மூன்றரை மாத நெல்லுக்குக் கதிர் முற்றுகிற நேரத்தில் தண்ணீர் தட்டுப்படலாம். முந்தி விதைத்த மூன்று மாத நெல்லான பிஜி 300 அதற்குள் விளைந்துவிடும். அதேநேரம், மகாவலி பெருகினால் மூழ்குகிற பள்ளக் காணிக்கு, வெள்ளம் வரும்போது நாற்று எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் பெரிய கேள்வி. மேட்டுக் காணிக்கும் பள்ளக் காணிக்கும் ஒரே தேதி பொருந்துமா என்று தயங்காமல் எழுந்து கேளுங்கள்.

கூட்டத்தில் பதில் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். விதைப்புத் தேதி அதுவரை காத்திருக்காது. ஆகவே கூட்ட அறிவித்தல் வரும் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.