"எங்க பொண்ணுங்களைக் காப்பாத்துறோம்"னு சொல்றவன் வீட்டுக்குள்ள

அமெரிக்காவுல, வீட்டுல அடி வாங்குற பொண்ணுங்களுக்கு கவுன்சிலிங் குடுக்குறது என் வேலை. வெள்ளை இனவெறி குரூப்ல இருக்குற ஒருத்தனோட மனைவி வந்தப்ப, என் கலரைப் பாத்து எந்திரிச்சுப் போயிடுவாங்கன்னுதான் நெனச்சேன், போகல. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டுனாங்க, தினமும் கார் எத்தனை மைல் ஓடிச்சுன்னு புருஷன் கையெழுத்துல கணக்கு. கடைக்குப் போயிட்டு வர 6 மைல், மீட்டர்ல 9 ஏறியிருந்தா மிச்சம் 3 மைலுக்கு ராத்திரி பதில் சொல்லணும். கருத்தடை மாத்திரை கூடாது, வெள்ளைப் புள்ளைங்க நிறைய பொறக்கணுமாம்.

இது புதுசில்ல. 1920கள்ல இந்தியானா மாநிலத்துல கூ கிளக்ஸ் கிளான்ங்கிற வெள்ளை இனவெறி அமைப்புக்கு டி.சி. ஸ்டீபன்சன்தான் தலைவர், "பெண்களோட கற்பைக் காப்போம்"னு சொல்லி ஆள் சேர்த்த அமைப்பு அது. 1925ல அவரே மேட்ஜ் ஓபர்ஹோல்ட்சர்ங்கிற பொண்ணை ரயில்ல கடத்திட்டுப் போய், உடம்பெல்லாம் கடிச்சு பலாத்காரம் பண்ணாரு. அந்தப் பொண்ணு விஷம் குடிச்சு, சாகுறதுக்கு முன்னாடி மரண வாக்குமூலம் குடுத்துது, அதுலதான் அவருக்கு ஆயுள் தண்டனை, கிளானும் அங்க சரிஞ்சுது. (பொண்ணுங்க எல்லாரும் பாதிக்கப்பட்டவங்கதான்னும் சொல்ல முடியாது, 1923ல பெண்கள் கிளான்னு தனியாவே ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுல சேந்தவங்க லட்சக்கணக்குல.)

2015 ஜூன்ல சார்ல்ஸ்டன் ஊர்ல கறுப்பினத்தவர் சர்ச்ல சுட்ட வெள்ளை இனவெறியனும் "எங்க பொண்ணுங்களைக் கெடுக்குறீங்க"ன்னுதான் சொன்னான். செத்த 9 கறுப்பினத்தவர்ல 6 பேர் பொண்ணுங்க. 2017ல சார்லட்ஸ்வில் ஊர்ல வெள்ளை இனவெறிக்கு எதிரா திரண்ட கூட்டத்துல காரை ஏத்தி ஒரு பொண்ணைக் கொன்னவனோட அம்மா வீல்சேர்ல இருக்குறவங்க, அவன் அடிக்கிறான், கத்தியைக் காட்டுறான்னு அதுக்கு ஆறேழு வருஷம் முன்னாடியே போலீஸுக்கு போன் பண்ணியிருக்காங்க. வெறுப்பு வெளிய வர்றதுக்கு முன்னாடி வீட்டுலதான் பழகிக்குது, எனக்கு இதுல சந்தேகமே இல்ல.

அதனால இப்பல்லாம் புதுசா வர்றவங்ககிட்ட நான் கட்சி, கொள்கை எதையும் கேக்குறதில்ல. போன் யார் கையில இருக்கும், மாத்திரையை யார் எடுத்து வெச்சுக்கிறாங்க, வீட்டுல துப்பாக்கி எத்தனை, அவ்வளவுதான். வீட்டை விட்டுக் கெளம்புறப்பவும் அதுக்கப்புறமும்தான் ஆபத்து அதிகம், அதனால அமெரிக்காவோட குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233க்கு வீட்டு போன்லருந்து பேசாதீங்க, பக்கத்து வீட்டு போன்லருந்து பேசுங்க.

அந்த நோட்டு? கோர்ட்ல பாதுகாப்பு உத்தரவு கேட்டப்ப ஜட்ஜ் ஒவ்வொரு பக்கமா திருப்பிப் பாத்தாரு, எல்லாம் அவன் கையெழுத்துதானே, இல்லைன்னு சொல்ல அவனால முடியல.