மூணு சதுர மீட்டர் பாசியும் ஒரு கோடி ஜோடி குருவியும்

இங்கிலாந்துல தாவர சர்வே பண்றதுதான் என் வேலை. ஓடைக்கரை ரிப்பேர், புது ரோடுன்னு எந்த சைட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, பறவைக் கூடு ஏதும் இருக்கா? நல்ல கேள்விதான், 1981 வனவிலங்குச் சட்டப்படி முட்டை, குஞ்சு இருக்கற கூட்டக் கலைக்கக் கூடாது. ஆனா கல்லுல இருக்கற பாசியப் பத்தி இதுவரை ஒருத்தரும் என்கிட்ட கேட்டதில்ல, அதே சட்டத்துல சில பாசிகளுக்கும் பாதுகாப்பு இருக்கு.

அதுல ஒண்ணு டெர்பிஷையர் ஃபெதர் மாஸ். நாம குளத்துல வழுக்கற ஆல்காவையும் பாசின்னுதான் சொல்றோம், இது அது இல்ல, குட்டிக்குட்டி இலை உள்ள நிஜமான செடி. உலகத்துலயே டெர்பிஷையர்ல ஒரே ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குல, ஊத்துத்தண்ணி ஓடையிலதான் இருக்கு. அதோட முக்கியமான திட்டு சுமார் 3 சதுர மீட்டர், வீட்ல ஒரு டபுள் கட்டில் அளவு, அவ்ளோதான்.

இந்த மாதிரி ஓடைக்கரைப் புதர்லதான் ரென் குருவி உக்காந்து பாடும். நம்ம தேன்சிட்டு சைஸ், 10 கிராம்தான் இருக்கும், குரல் மட்டும் பள்ளத்தாக்கு பூரா கேக்கும். பிரிட்டன்ல கூடு கட்டற பறவைங்கள்ல எண்ணிக்கையில அதிகம் இதுதான், ஒரு கோடி ஜோடி இருக்கும். ஆண் குருவி சாதாரணப் பாசி, காஞ்ச இலையெல்லாம் வச்சு நாலஞ்சு கூடு கட்டும், பெண் அதுல ஒண்ணத் தேர்ந்தெடுத்து உள்ள இறகு வச்சு மெத்தை போட்டுக்கும்.

1962-63ல வந்த கடுமையான குளிர்காலத்துல ரென் பெரும்பகுதி செத்துப் போச்சு. ஆனா அஞ்சாறு முட்டை, வருஷத்துக்கு ரெண்டு ஈடுன்னு தப்பிச்சதுங்க பெருகி, கொஞ்ச வருஷத்துலயே பழையபடி ஆயிடுச்சு. இந்தப் பாசிக்கு அப்படி ஒண்ணு நடந்தா வேற எங்கயிருந்து வரும்? அதுக்கு வேர் கிடையாது, தண்ணிய இலை வழியாவே குடிக்குது, அதனால ஓடையில எது கலந்தாலும் நேரா அதுக்குள்ள போகுது. வயல் உரம் வந்தா ஆல்கா மேல படர்ந்து வெளிச்சத்த மறைச்சிரும், ஊத்து வத்தினா காஞ்சிரும், ஒருத்தர் பூட்ஸோட வழுக்கி விழுந்தாக்கூட ஒரு கை அகலம் பிஞ்சு போயிடும்.

ஒரு தடவ வேற ஒரு ஓடையில, நடக்கறவங்க வழுக்கி விழறாங்கன்னு கல்லயெல்லாம் வயர் பிரஷ் போட்டுத் தேச்சு வச்சிருந்தாங்க. அங்க இருந்தது சாதாரண பாசிங்கதான், இருந்தும் அன்னிக்கு எனக்குக் கை நடுங்கிடுச்சு.

தயவுசெஞ்சு அந்த இடம் எங்கன்னு தேடிப் போகாதீங்க. அந்தப் பக்கம் மலையேறப் போனா ஓடைக்குள்ள இறங்காம பாலத்துல தாண்டுங்க. சைட் வேலை எடுக்கறவங்க பறவைக் கூடு பத்திக் கேக்கறப்பவே ஊத்து இருக்கா, நனைஞ்ச கல்லு இருக்கான்னும் கேளுங்க, இருந்தா மெஷின இறக்கறதுக்கு முன்னாடி பாசி தெரிஞ்ச ஒரு ஆளக் கூப்பிடுங்க, லென்ஸோட வந்து பாக்கறோம்.