சோப்பு நல்லதா, தண்ணீர் நல்லதா?

கும்பகோணத்து வீடொன்றில் வருஷக்கணக்காக ஒரே சோப்புதான் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கட்டியை வேதாரண்யத்துச் சம்பந்தி வீட்டுக் குளியலறையில் தேய்த்தால் நுரை எழும்பாது. வாளியின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படியும், தலைமுடி விறைக்கும். "முன்ன மாதிரி இல்லை, இப்பல்லாம் கலப்படம்" என்று பழி கம்பெனி மேல் விழும். ஆனால் கட்டி மாறவில்லை, தண்ணீர்தான் மாறியிருக்கிறது. நமக்குப் பிடித்த சோப்பு என்று நாம் கொண்டாடுவதில் பாதி நம் ஊர்த் தண்ணீரின் குணம். மீதியில் பெரும்பங்கு மூக்குக்குச் சேரும்.

சோப்பு எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எண்ணெய் அல்லது கொழுப்போடு காரச் சோடாவைச் சேர்த்தால் கிளிசரினும் கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பும் கிடைக்கும். அந்த உப்புதான் சோப்பு. அதன் மூலக்கூறுக்கு ஒரு முனையில் எண்ணெயைப் பற்றும் நீண்ட வால், மறுமுனையில் தண்ணீரை விரும்பும் தலை. அழுக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசையை வால்கள் சூழ்ந்துகொள்ள, தலைகள் அதைத் தண்ணீரோடு இழுத்துப் போகும்.

சிக்கல் தலைப்பக்கத்தில்தான். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருந்தால், சோப்பின் தலை சோடியத்தை விட்டுவிட்டு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அப்படி உண்டாகும் உப்பு தண்ணீரில் கரையாது. வாளியில் திரியும் அழுக்கு வெள்ளைப் பிசுக்கு அதுதான். தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் எல்லாம் இப்படிப் பிடிபட்டு முடிந்த பிறகுதான் மிச்சச் சோப்பு நுரைக்கும், அழுக்கையும் எடுக்கும்.

எவ்வளவு சோப்பு இப்படி வீணாகும் என்பதற்குக் கணக்கு உண்டு. நீரின் கடினத்தன்மையை, அதாவது இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவை, ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று குறிப்பார்கள். இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி 200 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடினம் 100 கூடும்போதெல்லாம் லிட்டருக்குச் சுமார் 0.6 கிராம் சோப்பு பிசுக்காகிப் போகும். 500 கடினமுள்ள நீர் 20 லிட்டர் பிடித்த வாளியில் துணியை நனைத்து வெறும் சோப்பால் மட்டும் துவைக்கப் பார்த்தால், நுரை வருவதற்கு முன்பே 61 கிராம் அசல் சோப்பு காலி. முதல் தரக் குளியல் சோப்பில் 75 கிராம் கட்டி ஒன்று முழுசாகப் போன மாதிரி! குளிக்கும்போது இத்தனை நஷ்டம் இல்லை, உடம்பில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மட்டும்தான் சோப்போடு மோதுகிறது. அதுவே ஒரு லிட்டர் என்றால் 3 கிராம்.

டெல்டாவில் இந்த எண் தெருவுக்குத் தெரு மாறும். காவிரி, அரசலாறு, குடமுருட்டி என ஆறோடும் ஊர்களில் ஆற்று மணலில் ஊறி வரும் நீருக்கும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரம் இறக்கிய போர் நீருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கடல்நீரின் கடினம் லிட்டருக்கு 6,000 மில்லிகிராமைத் தாண்டும், அதில் பெரும்பங்கு மக்னீசியம். நிலத்தடி நீரில் நூற்றுக்கு ஐந்து பங்கு கடல்நீர் புகுந்தாலே கடினம் 300 ஏறிவிடும். போதாததற்கு, உள்ளே வரும் சோடியம் களிமண்ணில் ஒட்டியிருந்த கால்சியத்தைக் கழற்றித் தண்ணீரில் விடும். வேதாரண்யம் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்குக் கொள்ளிடத்திலிருந்து தண்ணீர் போகிறது. குழாயில் வரும் அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடித்துவிட்டு, போர் நீரில் குளிக்கும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். ஒரே கட்டி, ஒரே வீடு, இரண்டு தண்ணீரிலும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

ஆர்.ஓ. விற்க வருபவர்கள் தண்ணீரில் கருவியை முக்கி 'டி.டி.எஸ். 1,400' என்று காட்டிப் பயமுறுத்துவார்கள். அது கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். அதில் சாதாரண உப்பு எத்தனை, கால்சியம் எத்தனை என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. சாதா உப்பு இந்த அளவில் சோப்பைப் பெரிதாகக் கெடுக்காது. சோப்பு ஆலையில் சோப்பைப் பிரித்தெடுக்க உப்புப் போடுவார்கள், ஆனால் அது இதைப் போலப் பல மடங்கு.

கடினத்தை வீட்டிலேயே அளக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமஸ் கிளார்க் என்னும் ஸ்காட்லாந்து வேதியியலாளர் கொண்டுவந்த முறை இது, இன்றைக்கும் பழுதில்லை. உறையில் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) 76 என்று போட்ட குளியல் சோப்பை ஒரு கிராம் சீவி, வெதுவெதுப்பான 100 மில்லி ஆர்.ஓ. நீரிலோ மழைநீரிலோ கரையுங்கள். மூடியுள்ள பாட்டிலில் சோதிக்க வேண்டிய நீர் 100 மில்லி எடுத்து, மருந்து ஊசியால் அந்தக் கரைசலை 5 மில்லி விட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை ஐந்து நிமிஷம் நிற்கும் வரை இப்படியே சேர்த்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு 5 மில்லிக்கும் சுமார் 70 கடினம். 36 மில்லி பிடித்தால் 500 என்று கொள்ளலாம். முதலில் ஆர்.ஓ. நீரிலேயே ஒரு முறை செய்து, அதற்குப் பிடித்த அளவைக் கழித்துவிடுங்கள். இதில் பெரும்பாலானவர்கள் தவறுவது சோப்பைத் தேர்ந்தெடுப்பதில். சலவைக் கட்டியோ டவ் போன்ற கட்டியோ எடுத்தால் சோதனை பொய்த்துப்போகும். அவற்றில் இருக்கும் செயற்கைப் பொருள்கள் கால்சியத்துக்கு அவ்வளவாக மசியாது.

டி.எஃப்.எம். என்பது கட்டியில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதம். இந்தியத் தரநிலைப்படி குறைந்தது 76 இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். இந்த மூன்றும்தான் 'டாய்லெட் சோப்பு'. 'பேத்திங் பார்' என்று எழுதியிருந்தால் 40 இருந்தாலே போதும். கடையில் பளபளக்கும் உறையைத் திருப்பிப் பார்த்தால் இந்த விவரம் பொடி எழுத்தில் இருக்கும், ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதும் இருக்கும். அந்த விலையை டி.எஃப்.எம்.மால் வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, கிராம் 40 காசு, டி.எஃப்.எம். 76 என்றால் ஒரு கிராம் கொழுப்புப் பொருளுக்கு 53 காசு. கிராம் 34 காசு, டி.எஃப்.எம். 60 என்றால் 57 காசு. மலிவு என்று எடுத்ததுதான் விலை கூடியது. இந்தக் கணக்கைச் செயற்கைப் பொருள் சேர்ந்த கட்டிகளுக்குப் போடக் கூடாது. அவற்றில் டி.எஃப்.எம். குறைந்திருப்பது குறை ஆகாது, தோலுக்கு அவை பெரும்பாலும் சாதுவானவையே.

நுரைக்கும் தரத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடக் குறைவு. நுரை அதிகம் தருவது தேங்காய் எண்ணெயிலும் பாமாயில் கொட்டை எண்ணெயிலும் இருக்கும் லாரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி அதுதான். பாமாயில் கட்டிக்குக் கெட்டித்தன்மை தரும், நுரையில் மந்தம். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்பு நீரிலும் நுரைக்கும் என்பதால் கப்பல்களில் கடல்நீரில் குளிக்க அதைத்தான் கொண்டுபோவார்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் கதர்க் கடையில் கிடைக்கும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பை முயன்று பார்க்கலாம். தோல் வறளும், அது ஒன்றுதான் தொல்லை. சீயக்காய்க்கு இந்தக் கவலையே கிடையாது. அதில் நுரை தரும் சப்போனின் கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காவதில்லை. உவர் நீர் ஊர்களில் சீயக்காய் இன்னும் பேர் கெடாமல் இருப்பதில் வேதியியலுக்கும் பங்கு உண்டு.

அப்புறம் ஏன் விளம்பரத்தில் மலைமலையாக நுரை? கழுவும் திறன் கண்ணுக்குத் தெரியாது, நுரை தெரியும். 1888இல் சன்லைட் கல்கத்தாவில் இறங்கியதிலிருந்து சோப்புக்காரர்கள் அதிகம் விற்றது கண்ணுக்கும் மூக்குக்கும் படுகிற அடையாளங்களைத்தான். லைஃப்பாய் 1895இல் இங்கே வந்தபோது அதன் கார்பாலிக் வாடையே விளம்பரமாயிற்று. ஆஸ்பத்திரி வாடை அடித்தால் கிருமி செத்துப்போச்சு என்று மனசு முடிவு கட்டிவிடும். மைசூர் சாண்டலுக்குச் சந்தனம், 1931இல் டாட்டா ஆயில் மில்ஸ் கொண்டுவந்த ஹமாமுக்கு ஒரு மணம், சிந்தாலுக்கு இன்னொன்று. கட்டியில் வாசனைப் பொருள் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்குதான். ஆனால் வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவது மிச்சமுள்ள தொண்ணூற்றொன்பது பங்கைவிட அந்த ஒரு பங்கு.

இதற்கு மூளையின் அமைப்பே காரணம். கண், காது, தோல் தரும் சேதிகள் தலாமஸ் என்னும் இடத்தில் நின்று பிரிந்து போகும். மூக்கின் சேதி மட்டும் அங்கே காத்திருக்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகப் போய்விடும். சின்ன வயதில் அம்மா தலைக்கு ஊற்றிவிட்டபோது அடித்த மணம் நாற்பது வயதிலும் 'சுத்தம்' என்றே மனசில் பதிந்திருக்கும். கூடவே பழக்கமும் சேர்கிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே, வேறு எந்தக் காரணமும் இல்லாமல், அது பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸாயொன்க் 1968இல் சோதனைகளால் காட்டினார். தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் பஸ்ஸில் போகிறவர் சுவரில் தீட்டிய சோப்புப் பேரை ஒருநாளும் 'படிப்பதில்லை', ஆனாலும் மளிகைக் கடையில் அண்ணாச்சியிடம் அந்தப் பேர்தான் முதலில் வாயில் வரும்.

இதில் மணம் எத்தனை, பேர் எத்தனை, சோப்பு எத்தனை என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு சோப்புகளை எடுத்து, பேர் பொறித்த மேல்பாகத்தைச் சீவி, ஒரே அளவில் நறுக்குங்கள். பளபளப்பான மேல்தோல் போகும்வரை இரண்டையும் கழுவுங்கள். ஒன்றில் இரண்டு துண்டு, மற்றதில் ஒரு துண்டு என்று மூன்றைக் கண் கட்டியவர் கையில் கொடுத்து, ஒரே வாளித் தண்ணீரில், மூக்கைப் பிடித்துக்கொண்டு எது வேற்றாள் என்று கேளுங்கள். ஆறு முறை செய்து ஐந்திலாவது சரியாகச் சொன்னால் வித்தியாசம் கைக்குத் தெரிகிறது என்று நம்பலாம். ஊகித்தே ஐந்து சரியாகும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. நான்கு சரியானால் நம்பக் கூடாது, ஊகத்திலேயே பத்தில் ஒரு முறை அப்படி அமையும். இதே சோதனையைத் தண்ணீருக்கும் செய்யலாம்: மூன்று கிண்ணத்தில் இரண்டில் போர் நீர், ஒன்றில் ஆர்.ஓ. நீர், எல்லாவற்றுக்கும் ஒரே சோப்பு. இங்கே பெரும்பாலும் யாரும் தவறமாட்டார்கள்.

கடினநீர் ஊரிலிருந்து ஆற்றோரம் வாழ்க்கைப்பட்டு வரும் பெண்கள் "இந்த ஊர்ல சோப்பு போகவே மாட்டேங்குது, வழவழன்னே இருக்கு" என்பார்கள். கடினநீரில் பிசுக்கு தோலில் படிந்து ஒரு சொரசொரப்பைத் தரும், அதையே சுத்தம் என்று கை பழகியிருக்கும். மென்னீரில் பிசுக்கு இல்லை. சோப்பும் கொஞ்சம் போட்டாலே நிறைய நுரைப்பதால் வழுக்கல் தெரியும். சோப்பை மாற்ற வேண்டியதில்லை, அளவைப் பாதியாக்கினால் சரியாகிவிடும்.

துணி விஷயத்தில் கைவைத்தியம் சலவைச் சோடா. 500 கடினமுள்ள 20 லிட்டர் வாளிக்கு, தூளாக விற்கும் சோடா சாம்பல் 11 கிராம், கிட்டத்தட்ட இரண்டு தேக்கரண்டி. படிகமாக இருந்தால் 29 கிராம். முதலில் சோடாவைக் கரைத்துப் பத்து நிமிஷம் விட்டுப் பிறகுதான் சோப்பும் துணியும் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சோப்பு முந்திக்கொண்டு பிசுக்காகும். ஆப்ப சோடா இந்த வேலைக்கு உதவாது. மக்னீசியம் அதிகமான கடலோர நீரில் சோடா கொஞ்சம் தோற்கும், அங்கே சலவைத்தூள்தான் கை கொடுக்கும்.

சலவைத்தூள் தரும் 'பளிச்' வெண்மையில் ஒரு ஒளி வித்தை இருக்கிறது. பெரும்பாலான தூள்களில் சேர்க்கும் வெண்மையூட்டி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விழுங்கி நீல ஒளியாகத் திருப்பி உமிழும். மஞ்சளித்த பருத்தி வேட்டி அதனால் வெள்ளையாகத் தெரியும், அழுக்கு போயிருக்க வேண்டும் என்பதில்லை. கள்ளநோட்டு பார்க்கும் விளக்கின் கீழ் அந்த வேட்டியைப் பிடித்தால் நீலமாக ஒளிரும். சொட்டு நீலத்தின் வழி வேறு. அது வெறும் சாயம், மஞ்சளை நீலத்தால் சமன் செய்கிறது. கூடினால் திட்டுத் திட்டாக நிற்கும்.

திருபுவனம் பட்டுக்கு இந்தத் தூள்கள் ஆகாது. பட்டு ஒரு புரதம். கறை போக்கத் தூளில் சேர்க்கும், புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ் நொதிக்கு ரத்தக்கறைக்கும் பட்டு இழைக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் அரிக்கும். தூளின் காரமும் சோடாவும் இழையின் பளபளப்பை மங்கடிக்கும், வெண்மையூட்டி சந்தன நிறத்தை நீலம் பாயச் செய்யும். வீட்டில் அலசியே தீர வேண்டும் என்றால் நொதியும் வெண்மையூட்டியும் சேராத, பட்டுக்கும் கம்பளிக்கும் என்றே விற்கும் திரவம், குளிர்ந்த தண்ணீர், நிழலில் உலர்த்தல். போர் நீர் உவர்ப்பான ஊரில் கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீரில் இரண்டு குடம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.