இழுபடும் ஊடுகாட்டும் கடத்தி

திருகோணமலையில் என்னிடம் பாடம் படிக்க வரும் உயர்தரப் பிள்ளை ஒருத்தி, 'ஸ்ட்ரெச்சபிள் டிரான்ஸ்பேரன்ட் கண்டக்டர்' என்பதைத் தமிழில் 'நெகிழ்வான வெளிப்படையான கடத்தி' என்று எழுதிக்கொண்டு வந்தாள். இழுத்தால் நீண்டு, கண்ணாடிபோல ஊடாகத் தெரிந்து, மின்னையும் கடத்தும் பொருள் அது. மூன்றில் கடைசிச் சொல்தான் சரி.

வெளிப்படை என்பது ஒளிவுமறைவு இல்லாமை. கணக்குக்கும் நிர்வாகத்துக்கும் அது பொருந்தும். கண்ணாடிக்கு எங்கள் பாடநூல்களில் உள்ள சொல் 'ஊடுகாட்டும்'. லத்தீனில் டிரான்ஸ் என்றால் ஊடாக, பாரேரே என்றால் தோன்றுதல். ஊடு, காட்டு இரண்டும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன.

"அப்ப 'நெகிழ்' பிழையா, சேர்?" என்று கேட்டாள். அழகான சொல், ஆனால் இந்த இடத்துக்கு உரியதல்ல. நெகிழ்தல் என்றால் தளர்தல், இளகுதல். சங்கப் பாட்டில் பிரிவால் மெலிந்தவளின் வளை நெகிழும். மனமும் நெகிழும். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக்குக்கே 'நெகிழி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வளைவது வேறு, இழுபடுவது வேறு. கடதாசி வளையும், இழுத்தால் கிழியும். இறப்பர் பட்டி இழுபடும்; விட்டால் பழைய நீளத்துக்கே வரும். தொலைபேசித் தொடுதிரைகளில் பூசப்படும் இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டு ஊடுகாட்டும், மின்னையும் கடத்தும். மெல்லிய பூச்சாக இருந்தால் ஓரளவு வளையவும் செய்யும். ஆனால் நூற்றுக்குச் சில பங்கு நீட்டினாலே வெடித்துவிடும். ஆகவே பிளெக்சிபிள் என்றால் 'வளையும்', ஸ்ட்ரெச்சபிள் என்றால் 'இழுபடும்'. துணிக்கடையில் "இது நல்லா இழுபடும்" என்கிறோமே, அதே சொல். நீதிமன்ற வழக்கும் இழுபடும்தான், ஆனால் அதனால் இங்கே யாரும் குழம்பப்போவதில்லை.

'கடத்து' என்பது 'கட' என்பதன் பிறவினை. செப்புக் கம்பியில் கடப்பவை இலத்திரன்கள். நான் அவளுக்குக் காட்டியது வேறொன்று. ஒரு கண்ணாடிக் குவளையில் நிலாவெளி உப்பைக் கரைத்து, 9 வோல்ற்று மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து வந்த கம்பியையும் மற்ற முனையில் இணைத்த எல்ஈடி விளக்கின் மறு கம்பியையும் அதில் அமிழ்த்தினேன். விளக்கு எரிந்தது. குவளைக்குப் பின்னால் வைத்த கொப்பியின் எழுத்துகளும் தெரிந்தன. தெளிந்த உப்புநீர் ஊடுகாட்டும் கடத்திதான்! அதில் கடப்பவை அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற துணிக்கைகள். ஆங்கில விஞ்ஞானி ஃபாரடே 1834இல் எழுத்தில் கொண்டுவந்த இந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'செல்வது' என்று பொருள். உத்தராயணத்தில் வரும் 'அயனம்' என்ற வடசொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டார் 'அயனி' என்பார்கள்.

உப்புநீர் இழுபடாது, ஓடிவிடும். அதை ஒரு பல்பகுதிய (பொலிமர்) வலைக்குள் பிடித்து வைத்தால் ஜெல் ஆகும். 2013இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இப்படிச் சோடியங்குளோரைட்டு (சாப்பாட்டு உப்பு) கலந்த பொலிஅக்ரிலமைட்டு ஜெல்லைக் கொண்டு கண்ணாடி போன்ற ஒலிபெருக்கி ஒன்றைச் செய்து காட்டினார்கள். இரண்டு ஜெல் படைகளுக்கு நடுவே ஊடுகாட்டும் இறப்பர் படை ஒன்று இருந்தது. மின்னழுத்தம் கொடுத்தால் இறப்பர் நசுங்கி அகலும், எடுத்தால் மீளும். அதை வேகமாக மாற்றிக்கொண்டிருந்தால் அதிர்ந்து ஒலி எழும். என் குவளையில் கம்பியைச் சுற்றிக் குமிழிகள் வந்தன. அந்த ஒலிபெருக்கியில் அப்படி வராது. மின்னழுத்தம் ஏறக்குறைய முழுவதையும் நடுவிலுள்ள இறப்பரே தாங்கிக்கொள்கிறது.

மின்னைக் கொடுத்து அசைய வைத்தால் அது 'இயக்கி', ஆங்கிலத்தில் ஆக்சுவேட்டர். அதே அடுக்கை விரலால் அழுத்தினால் இறப்பர் மெலிந்து மின் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் திறன், கூடும். அதை அளந்தால் அது 'உணரி', சென்சர்.

இப்படி நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஜெல்லை ஹைட்ரோஜெல் என்பார்கள். அதற்கு என் விருப்பம் 'நீரிழுது'. இழுது என்பது வெண்ணெய்க்கும் கொழுப்புக்கும் இருந்த பழஞ்சொல். இழுதுமீன் (ஜெல்லிமீன்) என்ற பெயரில் இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரு குறை: இந்த நீரிழுது வெயிலில் காய்ந்துவிடும். அதற்காகச் சாப்பாட்டு உப்புக்குப் பதில், ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும் லித்தியங்குளோரைட்டைச் சேர்க்கிறார்கள்.